கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் தெரியாது

நம் சங்க இதழின் சிறுவர் பகுதியை வருகிற ஆண்டு முதல் ஆங்கில எழுத்தில் அச்சிடலாம் என்று ஒரு யோசனை செயற்குழுவின் முன் வந்திருக்கிறது. ஆங்கில மொழியில் அல்ல. தமிழ் வார்த்தைகளையே ஆங்கில எழுத்தில். 'பாட்டி ஊருக்குப் போனாள்' என்பதை ரோமன் எழுத்தில் போட்டால்தான் நாக்பூரிலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் படிப்பார்களாம்.

யோசனைக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. பிள்ளைகள் பள்ளியில் இங்கிலீஷ், இந்தி, மராத்தி படிக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொரு எழுத்தையும் சுமத்துவதா என்பது முதல் காரணம். பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. அதற்குப் பதில் சொல்ல நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியைகள் இருக்கிறார்கள். இரண்டாவது காரணம்தான் என்னைப் பேனா பிடிக்க வைத்தது. கம்பெனி ஒன்றில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் இளைஞர் ஒருவர் சொன்னார்: "மாமா, கம்ப்யூட்டரே இங்கிலீஷ்ல ஓடுற சாமான். தமிழ் அதுக்கு ஒட்டுப்போட்ட துணி மாதிரி. எதுக்கு இந்தக் கஷ்டம்?" கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஓடவில்லை. எந்த மொழியிலும் ஓடவில்லை. நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து, 38 ஆண்டுகள் ரிலே அறைகளில் காலம் தள்ளியவன். ஆனால் கம்ப்யூட்டரின் அடிப்படை எதுவோ அதோடுதான் அத்தனை காலமும் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

ரிலே என்பது ஒரு மின்காந்தச் சுவிட்ச். கரண்ட் வந்தால் எடுக்கும், போனால் விழும். இடைப்பட்ட நிலை அதற்குக் கிடையாது. தண்டவாளத்தின் ஒரு முனையில் சிறிய மின்சாரத்தைக் கொடுத்து மறுமுனையில் ஒரு ரிலேயை வைத்தால் அதற்கு ட்ராக் சர்க்யூட் என்று பெயர். பாதை காலியாக இருந்தால் ரிலே எடுத்து நிற்கும். வண்டி வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், மின்சாரம் குறுக்கு வழியில் திரும்பிவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும் ரிலே விழத்தான் செய்யும், சிக்னல் சிவப்பாகத்தான் ஆகும். அப்படி இருக்க வேண்டும் என்று மனிதன் யோசித்து வைத்த ஏற்பாடு அது. விழுந்த ரிலேக்கு 'ஆபத்து' என்று பொருள் கொடுத்தது நாம். ரிலேக்குத் தன் மேல் ஏறும் ரயிலும் தெரியாது, சிவப்பும் தெரியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பத்து விரல் இருக்கிற மனிதன் பத்து பத்தாக எண்ணுகிறான். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் இரண்டே இலக்கம் என்று பேத்தி கேட்டாள். கம்பியில் வரும் மின்னழுத்தத்தைப் பத்துப் படிகளாகப் பிரித்துப் பத்து இலக்கங்களைக் காட்டச் செய்யலாம்தான். ஆனால் மழைக்காலத்தில் கேபிளில் ஈரம் இறங்கினால் 7 என்று அனுப்பியது 6 என்று போய்ச் சேரும். 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு நிலைகளே இருந்தால் நடுவில் பெரிய இடைவெளி கிடைக்கிறது. 24 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 22 வந்தாலும் ரிலே எடுக்கும். ஒரு வோல்ட் கசிந்தாலும் எடுக்காது. கம்ப்யூட்டரில் ரிலேக்குப் பதில் டிரான்சிஸ்டர், வோல்ட் அளவும் சிறியது; சூத்திரம் மட்டும் மாறவில்லை. இந்த உறவு நானாகக் கட்டியதல்ல. 1937ல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க மாணவர் எழுதிய எம்.எஸ். ஆய்வேட்டின் பொருளே ரிலே சர்க்யூட்டுகள்தான். ஜார்ஜ் பூல் 1854ல் எழுதிவைத்த தர்க்கக் கணிதத்தை ரிலேக்களைக் கொண்டு செய்துகாட்ட முடியும் என்று அதில் நிறுவினார். எடுப்பதை 1 என்றும் விழுவதை 0 என்றும் எழுதினால் அதுதான் ஒரு பிட்.

ஒரு ரிலே இரண்டு நிலை காட்டும். இரண்டு ரிலே நான்கு, மூன்று ரிலே எட்டு, நான்கு ரிலே பதினாறு. யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்குப் பழகியதுதான். நேர், நிரை என்ற இரண்டே அசைகள். ஈரசைச்சீர் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு. மூவசைச்சீர் காயும் கனியுமாக எட்டு. நாலசைச்சீர் பூவும் நிழலுமாகப் பதினாறு. இதை வைத்து, தமிழன் அன்றே கம்ப்யூட்டர் கண்டான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இரண்டு பொருளை வரிசைப்படுத்தினால் எந்த ஊரிலும் இப்படித்தான் வரும்.

சரி, இரண்டு நிலைகளை வைத்து எண்களை எப்படி எழுதுவது? நம் பாட்டிமார் அரிசி அளந்த முறையை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அதாவது படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்பவை 8, 4, 2, 1. பதின்மூன்று ஆழாக்கு அரிசி வேண்டுமென்றால் பாட்டி பதின்மூன்று முறை அளக்கமாட்டாள். ஒரு படி, ஓர் உரி, உழக்கு வேண்டாம், ஓர் ஆழாக்கு, முடிந்தது. ஒவ்வோர் அளவும் ஒன்று அல்லது இல்லை. இதை வரிசையாக எழுதினால் 1101. கம்ப்யூட்டருக்குள் பதின்மூன்று இருப்பது இப்படித்தான். இந்த நான்கு பாத்திரத்தை வைத்து 0 முதல் 15 வரை எந்த அளவையும் அளக்கலாம். எட்டுப் பாத்திரம் இருந்தால் 0 முதல் 255 வரை. அந்த எட்டு பிட் கூட்டத்துக்குத்தான் பைட் என்று பெயர்.

அளவு எண் ஆனது. எழுத்து எப்படி எண் ஆகிறது? இங்கேதான் நம் இளைஞரின் வாதத்துக்கு விடை இருக்கிறது.

ரயில்வேயில் ஒவ்வொரு சரக்கு வேகனுக்கும் 11 இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது, அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, பின் நான்கு வரிசை எண், கடைசி இலக்கம் முன்னதெல்லாம் சரியா என்று பார்க்கும் சோதனை இலக்கம். கையில் அட்டவணை இருப்பவருக்கு அந்த எண் ஒரு ஜாதகம். இல்லாதவருக்கு வெறும் எண். எழுத்தும் அப்படியே. அமெரிக்காவில் 1963ல் 'ஆஸ்கி' என்று 128 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். அதில் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தான 'ஏ'க்கு 65. ஏன் 65? உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டே ஐ.பி.எம். தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு வேறோர் அட்டவணை வைத்தது. அங்கே அதே 'ஏ'க்கு 193. ஆங்கிலம் கம்ப்யூட்டரின் தாய்மொழியாக இருந்தால் ஓர் எழுத்துக்கு இரண்டு எண் எப்படி வரும்? 'ஏ'யின் உருவம் எந்த மெஷினுக்குள்ளும் இல்லை. ரிலேக்குச் சிவப்பு தெரியாதது போல அதற்கு 'ஏ' தெரியாது.

தமிழுக்கும் அட்டவணை இருக்கிறது. 1991ல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். 2944 முதல் 3071 வரை தமிழின் இடம். 'அ' என்றால் 2949. இரண்டு இலக்கத்தில் எழுதினால் 101110000101. நம் பிள்ளைகள் படிக்கும் இந்தி, மராத்தி எழுத்துக்கு 2304 முதல் இடம். இங்கே வரும் மராத்தி நாளிதழ்கள் எல்லாம் அவர்கள் எழுத்திலேயே வருகின்றன. கம்ப்யூட்டருக்குச் சிரமம் என்று ஆங்கில எழுத்துக்கு யாரும் மாறவில்லை. 'ஏ'க்கு 65ஐ எப்படிச் சேமிக்கிறதோ அப்படியே 'அ'வுக்கு 2949ஐச் சேமிக்கிறது. முன்னது சொந்தப் பிள்ளை, பின்னது தத்துப் பிள்ளை என்ற பேதம் எதுவும் மெஷினுக்குள் இல்லை.

ஆங்கில எழுத்தில் தமிழைப் போட்டால் நஷ்டமும் உண்டு. ல, ள, ழ மூன்றும் யூனிகோடில் 2994, 2995, 2996. மூன்று தனி எண்கள். ரோமனில் சாதாரணமாக எழுதுகிற வீட்டில் மூன்றும் ஒரே 'எல்' ஆகிவிடுகின்றன. குறில் நெடிலும் போய்விடுகிறது. பி, ஏ, எல், ஏ, எம் என்று ஐந்தெழுத்தை எழுதிப் பிள்ளையிடம் நீட்டுங்கள். அது பலமா, பழமா, பாலமா? பாலத்தின் பலத்தைச் சோதித்துச் சம்பளம் வாங்கிய இஞ்சினீயர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளை பழத்தையும் பாலத்தையும் ஒரே எழுத்தில் படிக்கப்போகிறதா? மூன்று எண்களை ஒன்றாக்குவது எளிது. ஒன்றாகிப்போனதை மீண்டும் மூன்றாக்க எந்தக் கம்ப்யூட்டராலும் உறுதியாக முடியாது. அக்கம்பக்கச் சொற்களைப் பார்த்து ஊகிக்கலாம். தமிழ் நன்றாகத் தெரிந்த நமக்கு அந்த ஊகம் வரும். தமிழ் கற்றுக்கொள்ளவே அந்தப் பக்கத்தைத் திறக்கும் குழந்தைக்கு வராது. ஆகவே பெரியவர்கள் படிக்கும் பக்கத்தைக்கூட ரோமனில் போட்டுக்கொள்ளுங்கள், சிறுவர் பக்கத்தைத் தொடாதீர்கள் என்பேன்.

ஒப்பந்தம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே தேட வேண்டாம், நம் சங்க அலுவலகத்திலேயே சாட்சி இருக்கிறது. 1993 முதல் நம் இதழ் கம்ப்யூட்டரில்தான் கோக்கப்படுகிறது. ப்ளாப்பியிலிருந்து சி.டி.க்கும், சி.டி.யிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கும் கோப்புகளை மாற்றி மாற்றிக் காப்பாற்றி வைத்த புண்ணியவானை வணங்குகிறேன். ஆனால் 2009 வரையிலான கோப்பு எதைத் திறந்தாலும் திரையில் வருவது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பம். ஒரு பிட்கூடக் கெடவில்லை. கெட்டுப்போனது அட்டவணை.

காரணம் இது. அந்நாளில் தமிழ் ஃபாண்ட் செய்தவர்கள் ஆங்கில எழுத்துக்கு உரிய எண்களிலேயே தமிழ் உருவங்களை உட்கார வைத்தார்கள். பலரும் அறிந்த 'பாமினி' ஃபாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் போய் உட்காருவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எண்களாகச் சொன்னால் 106, 107, 112, 111, 59. அந்த ஃபாண்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் அது தமிழ். இல்லாத கம்ப்யூட்டரில் உளறல். யூனிகோடில் அதே சொல் 2980, 2990, 3007, 2996, 3021. அந்த எண்கள் உலகத்தில் எந்த மெஷினிலும் வேறொன்றாக ஆகா. நம் பழைய இதழ்கள் வேறு ஒரு ஃபாண்டில் கோத்தவை. அதைச் செய்தவர்கள் பெயர் இங்கே வேண்டாம். அன்றைக்குப் பொது அட்டவணையில் தமிழ் அடிக்கச் சாதாரண மெஷின்களில் வசதி இல்லாதபோது, கைக்குக் கிடைத்த வழியில் நமக்குத் தமிழ் அச்சைக் கொடுத்தவர்கள் அவர்கள். குறை சொல்வது நியாயமில்லை.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். ஊருக்குப் போக ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்ட்ரலில் இறங்குவோம். அது 1676 மில்லிமீட்டர் பிராட் கேஜ். தஞ்சாவூர், திருச்சி, மதுரைப் பக்கம் போகிறவர்கள் பெட்டி படுக்கை, குழந்தை குட்டி, தண்ணீர்க் கூஜாவோடு எழும்பூருக்கு ஓடி மீட்டர் கேஜ் வண்டி பிடிக்க வேண்டும். அங்கே தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டர். ஒரே தேசம், ஒரே ரயில்வே, ஆனால் இந்த வண்டி அந்தப் பாதையில் ஓடாது. சரக்கென்றால் இன்னும் மோசம். கேஜ் மாறும் இடத்தில் மூட்டை மூட்டையாக இறக்கி மறு வேகனில் ஏற்ற வேண்டும். 1992ல் யூனிகேஜ் திட்டம் வந்த பிறகுதான் இந்த அவஸ்தை படிப்படியாகக் குறைந்தது. தமிழ் ஃபாண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு தனி கேஜாக இருந்தன. யூனிகோட் தமிழுக்கு வந்த பிராட் கேஜ்.

அதில் குறை இல்லையா என்றால், இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்து க பிறக்கிறது என்பது நம் இலக்கணம். யூனிகோடில் தலைகீழ். க தான் மூலம்; அதன் மேல் புள்ளி வைத்தால் க். 'தமிழ்' மூன்றெழுத்துச் சொல்; கம்ப்யூட்டர் ஐந்து எண்களாக வைத்துக்கொள்கிறது. வரிசையும் நம் வரிசை அல்ல: ர, ற, ல, ள, ழ, வ என்று போகிறது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட பழைய அட்டவணையை ஒட்டி அமைத்ததால் வந்த வினை. தமிழ் அறிஞர்கள் வெகுநாள் போராடிப் பார்த்தார்கள். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்ற முறையையும் உருவாக்கினார்கள். 2010ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து அதையும் தரமாக ஏற்றது. இலக்கணப்படி பார்த்தால் அது அழகான முறை. ஆனால் நம் கையிலிருக்கும் செல்போன் எல்லாம் ஓடுவது யூனிகோட் தண்டவாளத்தில். 1676 மில்லிமீட்டர்தான் உலகிலேயே சிறந்த அளவு என்று எந்த இஞ்சினீயரும் சத்தியம் செய்யமாட்டான். எல்லா வண்டியும் அதில் ஓடுகிறது என்பதே அதன் பெருமை.

இன்னொரு முணுமுணுப்பும் கேட்டேன்: ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழுக்கு மூன்று பைட் பிடிக்கிறதே என்று. உண்மைதான். பரவலாக வழங்கும் யு.டி.எஃப். 8 முறையில் யூனிகோடின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. நம் இதழ் 40 பக்கம்; பக்கத்துக்குச் சுமார் 1,500 குறிகள் என்றால் 60,000; மூன்றால் பெருக்கினால் 1,80,000 பைட். ஆண்டுக்கு நான்கு இதழாக முப்பது ஆண்டு இதழ்கள் அத்தனையின் எழுத்தும் சேர்ந்து 2 கோடியே 16 லட்சம் பைட். பொங்கல் விழாவில் ஆளுக்கு ஆள் செல்போனில் எடுத்துத் தள்ளும் படம் ஒன்றே முப்பது லட்சம் பைட் வரை வருகிறது. படம் என்றாலும் எண்தான். புள்ளி புள்ளியாகச் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை. முப்பது ஆண்டுத் தமிழ், ஏழெட்டுப் படங்களின் இடத்தில் அடங்கிவிடும். இடம் பற்றாது என்ற பேச்சு இனி வேண்டாம்.

அந்தப் பழைய கோப்புகளுக்குள் என்ன இருக்கிறது என்று புதிதாகச் சேர்ந்த குடும்பங்களுக்குத் தெரிந்திருக்காது. அஜ்னி ரயில்வே காலனி வாழ்க்கையைப் பற்றி நம் சங்கத்து மூத்த அம்மையார் ஒருவர் 1996ல் தொடங்கி ஏழு இதழ்களில் எழுதினார். கல்யாணமாகி வந்த புதிதில் புழுங்கலரிசி தேடி அலைந்தது, காலனிப் பெண்கள் முறை வைத்து ஒரே ஆட்டுக்கல்லில் மாவரைத்தது எல்லாம் அதில் உண்டு. அவர் இன்று இல்லை. அவருடைய பேரன் அந்தக் கட்டுரைகளைக் கேட்டுச் செயலருக்கு எழுதியிருக்கிறான். நம்மால் அனுப்ப முடிந்தது திரையில் தெரிந்த அந்தக் குழப்பத்தின் நகல் ஒன்றுதான். கோப்பு முழுசாக இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

பழைய ஃபாண்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. எண்ணுக்கு எண் மாற்றும் வேலைதானே. நம் ஃபாண்ட் அதிகம் புழங்காத ஒன்று என்பதால் அட்டவணையைக் கொஞ்சம் நாமே நிரப்ப வேண்டியிருக்கிறது. 1998ஆம் ஆண்டின் இரண்டு இதழ்களைச் சோதனையாக மாற்றிப் பார்த்துவிட்டேன். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி விழுகின்றன. 'ஸ்ரீ' வருகிற இடமெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. மற்றபடி நன்றாகவே படிக்க முடிகிறது.

ஆகவே பொதுக்குழுவின் முன் என் கோரிக்கைகள்: சிறுவர் பகுதி தமிழ் எழுத்திலேயே தொடரட்டும், வேண்டுமானால் கடினமான சொல்லுக்கு ஓரத்தில் இந்தியில் பொருள் கொடுங்கள். இனி வரும் ஒவ்வோர் இதழின் கோப்பையும் யூனிகோடில் ஒரு பிரதி எடுத்து வைக்காமல் அச்சகத்துக்கு அனுப்பக் கூடாது. பழைய இதழ்களை மாற்றும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க அலுவலகத்தில் இருப்பேன். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வந்தால் இரட்டிப்பு வேகத்தில் முடியும், அவர்களுக்கும் ல, ள, ழ பழகும்.

மாற்றியதை ஒப்பிட்டுச் சரிபார்க்க அச்சான பிரதி கட்டாயம் வேண்டும். 1994 பொங்கல் மலரும், 1997ன் மூன்றாவது, நான்காவது இதழ்களும் அலுவலகத்தில் இல்லை. பரணில் தேடிப் பாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு வாரத்தில் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன்.